வித்தை யாருடைய சொத்து?

ஒரு பசுவைத் தானம் கொடுப்பதற்கும் ஒரு வித்தையைத் தானம் கொடுப்பதற்கும் என்ன வேற்றுமை என்ற கேள்வி நம்முடைய தர்மசாஸ்திரக்காரர்களை வெகுகாலத்துக்கு முன்பே சங்கடப்படுத்தியிருக்கிறது. தானம் என்பதற்கு மீமாம்சகர்கள் வகுத்த இலக்கணம் மிகக் கறாரானது. கொடுப்பவனுடைய உரிமை அந்தப் பொருளிலிருந்து நீங்க வேண்டும். வாங்குபவனுடைய உரிமை அதில் பிறக்க வேண்டும். இரண்டும் ஒருங்கே நிகழ்ந்தாலன்றி அதைத் தானம் என்று அவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. பசுவின் கயிறு கைமாறிய கணத்தில் இரண்டும் நிறைவேறிவிடுகின்றன. ஆனால், மாணாக்கன் ஒருவனைப் பல ஆண்டுகள் உடன்வைத்திருந்து வேதத்தை ஓதுவித்து அனுப்பிய ஆசிரியர், அவன் ஊர் எல்லையைத் தாண்டிய பிறகும் அதே வேதத்தை அட்சரம் பிசகாமல் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். அவருடைய உரிமை எங்கே நீங்கிற்று? யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு மிதாக்ஷரா என்ற உரையைக் கல்யாணபுரத்துச் சாளுக்கியர் ஆட்சியில் எழுதிய விக்ஞானேசுவரர், வேதத்தைக் கொடுப்பது மற்றெல்லாத் தானங்களினும் உயர்ந்தது என்று மூலம் கூறுமிடத்தில் இந்தச் சிக்கலைக் கண்டு சற்றே நிற்கிறார். நின்று, இத்தானத்தில் கொடுப்பவனுடைய உரிமையை நீக்குவது இயலாத காரியமாகையால், வாங்குபவனுக்கு உரிமை உண்டாக்குவது ஒன்றே தானமாகும் என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார்.

அந்த ஒரு வாக்கியத்தை, ஏறக்குறைய 900 ஆண்டுகள் கழிந்த இக்காலத்தில், ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் கணிப்பொறிக்கு முன்னால் வைத்துப் படித்துப் பார்க்கவேண்டிய அவசியம் நேர்ந்திருக்கிறது. வித்தை கொடுக்கக் கொடுக்கக் குறையாது என்று பள்ளிக்கூடத்துச் சுவர்களிலெல்லாம் எழுதிவைத்திருக்கிறோமே தவிர, ஏட்டில் எழுதிய வித்தையைப் பொறுத்தவரை அது வெறும் உபசார வார்த்தையாகவே இருந்துவந்தது. சுவடியை இரவல் கொடுத்தவர் வீட்டில் சுவடி இருக்காது. அது திரும்பி வரும் என்பதற்கும் நிச்சயம் கிடையாது. படியெடுக்க வேண்டுமானால் ஓலையை வாரிப் பதப்படுத்தி, எழுத்தாணியோடு ஒருவர் மாதக்கணக்கில் குனிந்திருக்க வேண்டும். அச்சு வந்த பின்பும் ஒரு பிரதியை ஒரு சமயத்தில் ஒருவரே படிக்க முடிந்தது. மனத்தினுள் இருக்கும் வித்தைக்கு மாத்திரம் உரியதாயிருந்த அந்த அபூர்வ குணம், அதாவது கொடுத்தும் குறையாமை, மின்னணு எழுத்து வந்த பிறகுதான் மனத்துக்கு வெளியே எழுதிவைத்த வித்தைக்கும் வாய்த்தது. மூலத்துக்கும் நகலுக்கும் இம்மியளவும் பேதமற்ற ஒரு பொருளை, தன்னிடமும் வைத்துக்கொண்டு, ஒரு நொடியில் ஆயிரம் பேருக்கும் கொடுத்துவிடலாம் என்றாகிவிட்டது. அப்படியானால் உலகத்துப் பல்கலைக்கழக நூலகங்கள் யாவும் இந்நேரம் வித்யாதான சாலைகளாக மாறியிருக்க வேண்டுமல்லவா? ஒரு பாதி அவ்வாறே மாறியிருக்கிறது. மற்றப் பாதி நேர் எதிராகத் திரும்பியிருக்கிறது. முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

விடுமுறைக்குச் சொந்த ஊர் போயிருக்கும் ஓர் ஆய்வு மாணவி ஏதோவோர் ஆய்விதழில் வந்த கட்டுரையைத் தேடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளிருந்து அவள் தேடியிருந்தால், அவள் எந்த ஐ.பி. முகவரியிலிருந்து வருகிறாள் என்பதை மட்டும் பதிப்பாளருடைய சர்வர் பார்த்து, அம்முகவரி சந்தா கட்டிய நிறுவனத்தின் எண்வரிசைக்குள் அடங்கியிருக்கக் கண்டு, கதவைத் திறந்துவிட்டிருக்கும். ஊரிலிருந்து கேட்பவளை அது நம்பாது; உன் பல்கலைக்கழகம் எது என்று கேட்டு அங்கே திருப்பியனுப்பும்; பல்கலைக்கழகத்தின் கணிப்பொறி கடவுச்சொல்லை வாங்கிச் சரிபார்த்து, இவள் நம்மைச் சேர்ந்தவள்தான் என்று ஒரு சான்றைப் பதிப்பாளருக்கு அனுப்பும்; இந்தியப் பல்கலைக்கழகங்களுக்காகக் காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் மையம் நடத்திவரும் இன்ஃபெட் என்ற கூட்டமைப்பு செய்யும் வேலை இதுவே. இவ்வளவும் சில நொடிகளில் முடிந்து, பி.டி.எஃப். கோப்பு கைக்கு வந்து சேரும்போது, பல பதிப்பாளர்களின் வழக்கப்படி, ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் இன்ன நிறுவனத்தின் வழியாக இன்ன தேதியில் இறக்கப்பட்டது என்ற வரி பொடி எழுத்தில் பதிந்திருக்கும். மின்னூலானால் இன்னும் விசித்திரம். ஒரு சமயத்தில் ஒருவர்தான் படிக்கலாம் என்ற நிபந்தனையோடு நூலகம் பணம் கட்டிய ஒரு மின்னூலை அவள் திறக்கப்போகும்போது, வேறொருவர் அதைத் திறந்துவைத்திருப்பாராயின், காத்திருக்கும்படி திரை அவளுக்குச் சொல்லும். காகிதத்துக்கு இயற்கை விதித்த குறை ஒன்றை, அந்தக் குறையே இல்லாமல் பிறந்த ஒரு பொருளின்மேல், மனிதர்கள் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துப் புரோகிராம் எழுதி ஏற்றிவைத்திருக்கிறார்கள்!

இந்த ஏற்பாட்டின் தர்மசாஸ்திர லட்சணம் என்ன? பசுவைக் கொடுத்தால் என் உரிமை நீங்கி உன் உரிமை பிறக்கிறது. வேதத்தைக் கொடுத்தால் என் உரிமை நீங்காமலே உன் உரிமை பிறக்கிறது. உரிமம் என்று வணிகர் வழங்கும் இம்மூன்றாவது வகையிலோ என் உரிமை நீங்குவதுமில்லை, உன் உரிமை பிறப்பதுமில்லை; பார்க்கலாம் என்ற அனுமதி ஒன்று மாத்திரம் பிறந்து, தவணை முடிந்ததும் மடிந்துவிடுகிறது. அச்சுக் காலத்தில் ஓர் ஆய்விதழுக்குப் பத்து வருஷம் சந்தா கட்டிய நூலகம், பணமுடையால் அதை நிறுத்திவிட்டாலும், பைண்டு செய்து அடுக்கில் வைத்த பத்து வருஷத்துத் தொகுதிகளை எந்தப் பதிப்பாளரும் வண்டி கொண்டுவந்து ஏற்றிப் போனதில்லை. இன்று ஒப்பந்தத்தில் தனி ஷரத்து எழுதி வாங்கியிராவிட்டால், சந்தா நின்றதும் பழைய ஆண்டுகளின் இதழ்களும் கூடவே மறைந்துபோகலாம். ஒரு நூலகர் தமது நூலகத்தில் இத்தனை ஆயிரம் இதழ்கள் இருக்கின்றன என்று ஆண்டறிக்கையில் எழுதும்போது, அந்த ‘இருக்கின்றன’ என்பதற்கு அவருடைய பாட்டனார் காலத்து நூலகர் கொண்டிருந்த பொருள் இப்போது கிடையாது.

வாடகை வாங்குவது பாவமா, வீட்டுக்காரர் எல்லாரும் அதர்மிகளா என்று இதற்கு ஓர் ஆட்சேபம் கூறலாம். கூறுவது நியாயமே. கட்டுரையைத் தேர்ந்து, செப்பம் செய்து, நிலையான அடையாள எண் இட்டு, இரவும் பகலும் சர்வரை ஓடவைத்திருப்பதற்குச் செலவு உண்டு. அச்செலவை யாரேனும் ஏற்றுத்தான் ஆகவேண்டும். ஆனால் இந்த வீட்டைக் கட்டியவர் யார் என்று விசாரிக்கும்போது வழக்கு வேறு முகம் கொள்கிறது. கட்டுரையை எழுதுகிற பேராசிரியருக்குப் பதிப்பாளர் கூலி கொடுப்பதில்லை. அதைப் பரிசோதித்துக் குறைநிறை கூறுகிற அறிஞருக்கும் பெரும்பாலும் கூலி இல்லை. ஆய்வுக்கான பணமோ மிகுதியும் குடிமக்கள் கட்டிய வரி. இவர்கள் யாவரும் வித்யாதானமாக நினைத்துக் கொடுத்ததை ஒருவர் திரட்டிவைத்து, கொடுத்தவருடைய பல்கலைக்கழகத்துக்கே ஆண்டுக் கட்டணத்துக்கு விடுகிறார். 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், உலகத்தின் பெரிய ஆய்விதழ்ப் பதிப்பாளராகிய எல்செவியருடன் சந்தாவைப் புதுப்பிக்க மறுத்து வெளியேறியதும், இரண்டாண்டு கழித்து, தன் ஆசிரியர்களின் கட்டுரைகளை உலகம் முழுவதும் கட்டணமின்றிப் படிக்கலாம் என்ற உடன்பாட்டின்பேரில் திரும்பியதும் இந்த மனக்குமுறலின் விளைவுகளே.

நம் நாட்டில் வேறொரு வழி மேற்கொள்ளப்பட்டது. ஒரே நாடு, ஒரே சந்தா என்ற திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது; 2025 முதல் 2027 முடிய மூன்றாண்டுகளுக்குச் சுமார் 6,000 கோடி ரூபாய்; 30 பதிப்பாளர்கள்; ஏறக்குறைய 13,000 இதழ்கள்; மத்திய, மாநில அரசுகளின் கீழுள்ள 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். பெரிய நகரத்து ஐ.ஐ.டி. மாணவனுக்குக் கிடைத்த இதழ் சிறு நகரத்து அரசுக் கல்லூரி மாணவிக்கும் கிடைக்கிறதென்றால் அதை எளிதில் தள்ளிவிடக் கூடாது. எனினும், இது பெரிய வாடகை வீடு. குடியிருப்போர் தொகை பெருகியதால் வீடு சொந்தமாகிவிடாது.

வித்தையின்மேல் ஒருவனுக்கு இருக்கும் உரிமை எத்தகையது என்ற இதே விசாரணை டில்லி உயர்நீதிமன்றத்திலும் நடந்தது. டில்லிப் பல்கலைக்கழகத்துப் பொருளாதாரப் பள்ளி வளாகத்திலிருந்த ராமேஸ்வரி என்ற நகல் கடை, ஆசிரியர்கள் குறித்துக்கொடுத்த நூல்களிலிருந்து வேண்டிய அத்தியாயங்களை நகலெடுத்துத் தைத்து மாணவர்களுக்குக் கொடுத்துவந்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகங்களும் டெய்லர் அண்டு பிரான்சிசும் சேர்ந்து 2012இல் கடையின்மேலும் பல்கலைக்கழகத்தின்மேலும் வழக்குத் தொடுத்தன. 2016 செப்டம்பரில் தீர்ப்பளித்த நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா, பதிப்புரிமை என்பது தெய்வம் தந்ததுமன்று, இயற்கையில் அமைந்ததுமன்று, சமுதாயத்தில் அறிவு வளர வேண்டுமென்பதற்காகச் சட்டம் வகுத்த ஏற்பாடு என்ற கருத்தை அதில் எழுதிவைத்தார். மேல்முறையீட்டில் சில வாதங்கள் மறுபடி விசாரணைக்கு வந்தபோதிலும், 2017இல் பதிப்பாளர்கள் வழக்கைக் கைவிட்டார்கள். தெய்வீகம் என்ற சொல்லை ஒரு ஜெராக்ஸ் கடை வழக்கில் நீதிபதி எடுக்கவேண்டி வந்ததே, அவ்வுரிமையை மனிதர் எவ்வளவு உயரத்தில் தூக்கிவைத்துவிட்டார்கள் என்பதற்குச் சாட்சி.

கசகஸ்தானத்துப் பெண் அலெக்சாண்டிரா எல்பாக்கியான் 2011இல் தொடங்கிய சை-ஹப் என்ற தளம் இந்தப் பூட்டுகளையெல்லாம் உடைத்துக் கட்டுரைகளை வாரி வழங்கிவருவதை, ஆய்வு மாணவர் பலர் தானம் என்றே போற்றுகிறார்கள். பதிப்பாளர்கள் அதைத் திருட்டு என்று 2020இல் டில்லியிலேயே வழக்கிட்டு, 2025 ஆகஸ்டில் அதை இந்நாட்டில் முடக்கும் ஆணையைப் பெற்றார்கள். என் எளிய அபிப்பிராயத்தில் இரண்டு பெயருமே சாஸ்திரப்படி ஒட்டவில்லை. பறிகொடுத்தவனிடம் பொருள் அப்படியே இருக்கும்போது, பசுத் திருட்டுக்கு உரிய இலக்கணம் இதற்கு எப்படிப் பொருந்தும்? தனக்கு உரிமையில்லாததை எடுத்துக் கொடுப்பவரின் செயல் தானமாகவும் ஆகாது. கொடுக்கத் தகாதவை என்று, தர்மசாஸ்திரத் தொகுப்பு நூல்கள் எழுதிய நிபந்தகாரர்கள் போட்ட பட்டியலில் பிறர் பொருளுக்கு முக்கிய இடம் உண்டு. கட்டுரையை எழுதியவரே தம் உரிமையைப் பதிப்பாளருக்கு முழுவதும் எழுதிக் கொடுத்துவிடாமல் இருந்திருந்தால் இந்தச் சங்கடத்துக்கே இடமில்லை என்பதுதான் இதில் நமக்குத் தெரியவரும் உண்மை.

இப்படியெல்லாம் பழைய சாஸ்திரத்தைக் கொண்டு புதிய வணிகத்தை அளந்துவிட்டு, பழங்காலம் பொற்காலம் என்று யாரும் எண்ணிவிடலாகாது. வேததானம் தானங்களிலெல்லாம் சிறந்தது என்ற அதே ஸ்மிருதிகாரர்கள், அதைப் பெறும் யோக்கியதை யாருக்கு உண்டு என்பதில் எவ்வளவு கடுமையாக இருந்தார்கள் என்பது தெரிந்ததே. பெண்களுக்கு இல்லை, நாலாம் வருணத்தாருக்கு இல்லை, அவர்களுக்கும் அப்பாற்பட்டவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. பாத்திரமறிந்து பிச்சையிடு என்ற நியாயம் வித்தையின் விஷயத்தில் மிகப் பெரிய அநியாயமாக முடிந்தது. குறையாத பொருளைக் கொடுப்பதில் பாத்திரம் பார்ப்பானேன் என்று கேட்டவர்கள் நம்மிடையே காலந்தோறும் தோன்றியிருக்கிறார்கள். அந்த வரிசையில், பெரும்பாலோர் நினையாத ஒருவரையும் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. அவர் சீர்காழி ராமாமிருத ரங்கநாதன்.

மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். அமைதியான அந்த அறை பிடிக்காமல் வகுப்புக்கே திரும்பிவிடப் பார்த்தவரை லண்டனுக்கு அனுப்பிவைக்க, அங்கே பயின்று, நூலகங்களைச் சுற்றிப் பார்த்துத் திரும்பியபின் அவர் வேறு மனிதராக இருந்தார். 1931இல் சென்னை நூலகச் சங்கம் வெளியிட்ட நூலகத்துக்கென அவர் வகுத்த ஐந்து விதிகள் பற்றிய நூலை நூலக நிர்வாகக் கைநூல் என்று நினைத்துப் பாடமாக ஒப்பிப்பவர்கள் அதன் சமய சாரத்தைத் தவறவிடுகிறார்கள். நூல் பூட்டி வைப்பதற்காக அன்று, பயன்படுவதற்காகவே இருக்கிறது என்ற முதல் விதியை விளக்கப் புகுந்தவர், ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்துவைத்த வழக்கத்திலிருந்து தொடங்குகிறார். அந்தச் சங்கிலிகளை இங்கிலாந்தில் ஹியர்போர்டு தேவாலயத்தில் இன்றைக்கும் பார்க்கலாம். யாராயிருந்தாலும் அவருக்கு வேண்டிய நூல் கிடைத்தாக வேண்டும் என்ற இரண்டாவது விதியில், செல்வர், ஏழை, ஆண், பெண், நகரத்தார், கிராமத்தார், பிறவியிலேயே பார்வையற்றவர் என்று ஒருவரையும் விடாமல் வாசலுக்குள் அழைத்துவந்துவிடுகிறார். ஸ்மிருதி விதித்த பாத்திர பரீட்சை அத்தோடு தள்ளுபடியாகிறது. அவர் சமயப்பற்று அற்றவரும் அல்லர். 1933இல் அவர் வெளியிட்ட கோலன் நூற்பகுப்பு முறையில், விஞ்ஞானங்களுக்கும் கலைகளுக்கும் நட்டநடுவே ஆத்மானுபவத்துக்கு டெல்டா என்ற கிரேக்க எழுத்தை இட்டுத் தனியிடம் ஒதுக்கியிருக்கிறார். அவர் கழற்றச் சொன்ன சங்கிலியும் தள்ளுபடி செய்த பரீட்சையும் ஐ.பி. முகவரி என்ற புதுப் பெயரோடு அவர் கட்டிய நூலகங்களுக்குள்ளேயே திரும்பி வந்திருக்கின்றன.

கொடுப்பது ஒரு புறமிருக்க, காப்பது என்ற கடமை ஒன்று உண்டு; இதில் பழைய வித்யாதான மரபு நமக்கு நேரான வழிகாட்டியாகவே அமைகிறது. சிதம்பரத்து மறைஞான சம்பந்தர் 16ஆம் நூற்றாண்டில் தமிழாக்கிய சிவதருமோத்தரம், நூல் ஒன்றைப் படியெடுத்துக் கோயிலுக்குக் கொடுப்பதை ஒரு பெருவிழாவாகவே விதிக்கிறது: மூலச்சுவடியை ஆசனத்தில் எழுந்தருளப்பண்ணிப் பூசித்து, அதைப் பார்த்துப் புதுச்சுவடி எழுதி, அதை ஊர்வலமாகக் கொண்டுபோய்ச் சிவாலயத்தில் சேர்த்து, அங்கே வாசிக்கச் செய்ய வேண்டும். சிதம்பரத்திலும் திருவரங்கத்திலும் 13ஆம் நூற்றாண்டில் சரசுவதி பண்டாரங்கள் இருந்ததற்குக் கல்வெட்டுச் சான்று கிடைத்திருக்கிறது. சைனர்களோ உணவு, மருந்து, அபயம் ஆகியவற்றோடு சாஸ்திரத்தையும் சேர்த்து நான்கு தானங்கள் என்றார்கள். 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பை என்ற சைன மாதரசி, பொன்னகவி இயற்றிய சாந்திபுராணம் வழக்கொழிந்துவிடுமோ என்று கவலையுற்று, அதை 1,000 படிகள் எழுதுவித்து வழங்கினார்.

அந்த அம்மையாரின் யோசனையைத்தான் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக நூலகத்தார் 1999இல், அவரைக் கேள்விப்படாமலே, கண்டுபிடித்தார்கள். லாக்ஸ் என்று சுருக்கப்பெயர் பெற்ற அத்திட்டத்தின் கருத்து, பிரதிகள் பலவாயிருந்தால் பொருள் பிழைக்கும் என்பதே. இதில் சேர்ந்த ஒவ்வொரு நூலகமும் தனக்கென ஒரு கணிப்பொறியில், பதிப்பாளரின் அனுமதியோடு, இதழ்களின் சொந்தப் பிரதி ஒன்றைச் சேமித்துவைக்கிறது. அந்தக் கணிப்பொறிகள் அவ்வப்போது ஒன்றையொன்று கூவி அழைத்து, இன்ன கட்டுரை உன்னிடம் எப்படியிருக்கிறது என்று விசாரிக்கின்றன. ஒவ்வொன்றும் தன் பிரதியிலிருந்து கணக்கிட்ட ஒரு சிறு குறியெண்ணை வாக்குச்சீட்டாகத் தருகிறது. பெரும்பான்மைக்கு மாறான விடை தந்த கணிப்பொறி, தன் பிரதி பழுதுற்றதென அறிந்து, நல்ல பிரதி வைத்திருப்பவரிடமிருந்து அதைத் திருத்திக்கொள்கிறது. பாடபேதம் பார்த்து மூலத்தை நிறுத்தும் பதிப்பாசிரியரின் வேலையை மனித மேற்பார்வையின்றி இரவெல்லாம் செய்யும் யந்திரங்கள் இவை. இங்கே கவனிக்கத்தக்கது, காப்பாற்றுவதற்கும் முன்நிபந்தனையாக நிற்பது உரிமையே என்பது. தன்னிடம் ஒரு படி இல்லாத நூலகம் வாக்களிக்க முடியாது, திருத்தவும் முடியாது.

படி இருந்தும் பயன்படாமற்போகும் நிலையும் உண்டு. 2023 அக்டோபரில் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தின் கணிப்பொறிகளைத் தீயவர் கூட்டமொன்று பூட்டிவைத்துக்கொண்டு பணம் கேட்டது, நூலகம் கொடுக்கவில்லை. கோடிக்கணக்கான நூல்களில் ஒன்றுக்கும் சேதம் நேரவில்லை. ஒரு தாள்கூடக் கிழியவில்லை. ஆனால் எந்த நூல் எங்கே இருக்கிறது என்று அறிந்திருந்த பட்டியல் போய்விட்டது. 2024 ஜனவரியில் பட்டியல் ஒருவாறு திரும்பி வரும்வரையிலும், அதன் பின்பும் வெகுநாள், ஆராய்ச்சியாளர்கள் கண்ணெதிரே இருந்த கட்டடத்தினுள் இருந்த நூலைக் கைக்குக் கொண்டுவர இயலாமல் நின்றார்கள். உலகம் நாமம், ரூபம் என்னும் இரண்டாலானது என்று உபநிடதம் பயின்றவர்கள் சொல்வதைத் தத்துவம் என்று கேட்டுவைத்திருக்கிறோம். ரூபம் அடுக்கில் அப்படியே இருக்க, நாமம் மாத்திரம் அழிந்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான பிரமாணம் எந்த வேதாந்த வகுப்பிலும் கிடைத்திராது. கேபிள், சர்வர், பட்டியல், அடையாள எண் என்று நாம் கீழ்மட்ட வேலையாக நினைத்து, கண்ணுக்குப் படாத அறையில் ஒதுக்கிவைத்திருக்கும் அடிக்கட்டுமானம் நூலகத்தின் உடம்பு என்பதைக் காட்டிலும், நூல்களுக்குப் பெயரிட்டு அழைக்கும் வாக்கு என்பதே பொருந்தும்.

இனி, அந்த நல்ல பாதி. வேறு நாடுகளில் திறந்த அணுக்கம் என்று தொடங்கிய இயக்கத்தின் 2002ஆம் ஆண்டுப் புடாபெஸ்டு அறிக்கை, கூலி பெறாமல் எழுதும் அறிஞர்களின் பழைய மரபும் இணையம் என்ற புதிய கருவியும் சேர்ந்து முன்பு கைகூடாத ஒரு பொதுநன்மையைக் கைகூட்டியிருக்கின்றன என்ற கருத்தோடு ஆரம்பமாகிறது; விக்ஞானேசுவரர் வாசித்திருந்தால் தலையசைத்திருப்பார். நம்மிடம் அதன் பெரிய வடிவம் சோத்கங்கா. முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படியைச் சமர்ப்பிக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதித்தபின், இன்ஃப்லிப்நெட் கட்டி நடத்தும் அந்தக் களஞ்சியத்தில் சேர்ந்த ஆய்வேடுகள் 5 லட்சத்தைக் கடந்துவிட்டன. முன்பெல்லாம் ஆய்வேடு ஒன்றைப் பார்க்க வேண்டுமானால், அது சமர்ப்பிக்கப்பட்ட பல்கலைக்கழகத்துக்கு ரயிலேறிப் போய், துறைத்தலைவரின் கடிதம் காட்டி, மேற்பார்வையாளர் எதிரிலேயே உட்கார்ந்து குறிப்பெடுத்து வரவேண்டும். இன்று அதை எழுதியவரும் இழக்கவில்லை, பல்கலைக்கழகமும் இழக்கவில்லை, படிப்பவர் தம் படியைத் தாமே இறக்கி வைத்துக்கொள்கிறார். அந்த ஆய்வேடுகளில் பலவற்றின் தரம் குறித்து எனக்கு உயர்ந்த எண்ணம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒளிந்துகிடந்த திருட்டுப் பகுதிகள் வெளிச்சத்துக்கு வந்ததும் திறப்பினால் உண்டான நன்மைகளில் ஒன்றுதான். திறந்த அணுக்கத்தின் பெயரிலேயே எழுதுபவரிடம் ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம் கேட்கும் இதழ்களும் கிளம்பியிருக்கின்றன. சுங்கச்சாவடியை ஊருக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றியதைச் சாலை திறந்தது என்று சொல்ல மனம் வரவில்லை.

தானத்துக்குப் பிரதிக்ரகம், அதாவது ஏற்றுக்கொள்ளுதல், வேண்டும் என்பதும் சாஸ்திரமே. வாங்குபவன் கை நீட்டி ஏற்ற பிறகே அவனுக்கு உரிமை பிறக்கிறது. இந்த அங்கத்தைக் குறித்து நாம் கவலைப்படக் காரணம் இல்லாதிருந்தது. நூலகம் திறந்தால் படிப்பதற்கு மனிதர் வருவார் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் சில ஆண்டுகளாகத் திறந்த களஞ்சியங்களின் வாசலில் அதிகமாக வந்து நிற்பவர்கள் மனிதர்களே அல்லர். செயற்கை அறிவு நிறுவனங்கள் தம் யந்திரங்களுக்குப் பாடம் புகட்ட அனுப்பும் தானியங்கி வாசகர்கள், பகல் இரவு பாராமல் ஒவ்வோர் ஏடாகத் திறந்து நகலெடுத்துப் போவதால், பல பல்கலைக்கழகங்களின் சர்வர்கள் மூச்சுத் திணறி, மனித வாசகருக்கு விடைசொல்ல முடியாமல் அவ்வப்போது நின்றுவிடுகின்றன. யந்திரம் ஏற்றது பிரதிக்ரகம் ஆகுமா, அதற்கு உரிமை பிறக்குமா, அல்லது அதை அனுப்பிய முதலாளிக்குப் பிறக்குமா, அவர் அதைத் திரும்ப விற்றால் மறுபடியும் முதல் கேள்விக்கே வந்து நிற்கிறோமா என்பதற்கு மிதாக்ஷராவில் விடை தேடிப் பயனில்லை. நாமே உட்கார்ந்து யோசிக்க வேண்டியதுதான்.

நூலகங்கள் யோசித்து முடியும்வரை காத்திருக்க முடியாதவை. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழக நூலகம் உட்படச் சில நிறுவனங்கள் 2025இல் அனுபிஸ் என்ற மென்பொருளை வாசலில் நிறுத்தின. இறந்தவரின் இதயத்தைத் தராசிலிட்டு நிறுத்துப் பார்க்கும் எகிப்தியத் தெய்வத்தின் பெயரை அதை எழுதியவர் வேண்டுமென்றே சூட்டியிருக்கிறார். வருபவருடைய கணிப்பொறிக்கு அது ஒரு கணக்கைக் கொடுக்கும். கணக்கைப் போட்டு முடித்தால் கதவு திறக்கும். லட்சக்கணக்கான பக்கங்களைக் கேட்கும் யந்திரத்துக்கு அது பெருஞ்செலவு. ஒரு பக்கத்தைக் கேட்கும் மனிதருக்கு ஒரு நொடித் தாமதம் என்பது அதன் கொள்கை. புது லேப்டாப் வைத்திருப்பவருக்கு ஒரு நொடிதான். நாலு வருஷத்துப் பழைய, மலிவு விலைச் செல்பேசியில் ஆய்வேடு தேடுகிற மாணவிக்கு அதே கணக்கு அதைவிட நேரம் பிடிக்கிறது.